பக்கத்து அறைப் பெண்ணைப் பற்றி யாரிடம் சொன்னீர்கள்?

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஹாஸ்டலில் இரண்டு அறைக்கு ஒரு பாத்ரூம். பக்கத்து அறையில் இருக்கும் பெண் இரண்டு மாதமாகச் சரியில்லை. ராத்திரியெல்லாம் அழுகிறாள், பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் வெளியே வருவதில்லை, கையில் காயம் இருக்கிறது. "இருக்கவே பிடிக்கல, யார்கிட்டயும் சொல்லாத" என்று என் மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். என் மகளுக்குத் தூக்கம் போய்விட்டது, இன்டர்னல் மார்க்கும் போய்விட்டது. வார்டனுக்குப் போன் செய்தால், "பொண்ணுங்களுக்குள்ள இதெல்லாம் சகஜம், உங்க பொண்ணையே கொஞ்சம் கூட இருந்து பார்த்துக்கச் சொல்லுங்க" என்கிறார். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசியது சண்டையில் முடிந்தது. வேறு வழியில்லாமல் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லி எச்சரித்தேன், திங்கள்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுத்தேன். அந்தப் பெண்ணை ஹாஸ்டலை விட்டு அனுப்ப வைக்க முடியுமா? நாங்கள் கட்டிய ஹாஸ்டல் பணம் திரும்பக் கிடைக்குமா? (ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் இதைவிட நீளம். மெஸ் சாப்பாடு, வார்டன் மரியாதை இல்லாமல் பேசியது, அந்த அம்மா பாதிப் பேச்சில் போனை வைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது, ஆனால் கோர்ட்டில் அதற்கெல்லாம் விலை கிடையாது. அத்தனை பக்கத்திலும் நான் தேடியது ஒரே ஒரு காகிதத்தைத்தான். அந்தப் பெண் உயிரை விடுவது பற்றிப் பேசுகிறாள் என்று, கல்லூரியில் பொறுப்பில் இருக்கும் ஒருவருக்குத் தேதி போட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறீர்களா? கொடுக்கவில்லை. குரூப்பில் எழுதியிருக்கிறீர்கள், சம்பந்தமே இல்லாத கலெக்டருக்கு எழுதியிருக்கிறீர்கள், எழுத வேண்டிய இடத்துக்கு மட்டும் வாய் வார்த்தைதான் போயிருக்கிறது.

கலெக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ரெட்டிச்சாவடி தமிழ்நாடா, கிருமாம்பாக்கம் பாண்டிச்சேரியா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை, ஆனால் சட்டத்துக்குப் பெரிய விஷயம். கல்லூரி யூனியன் பிரதேச எல்லைக்குள் இருக்கிறது என்றால் கடலூர் கலெக்டருக்கு அதன் மேல் அதிகாரம் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று நீங்கள் மனுவில் போட்டிருக்கிற 2014ஆம் ஆண்டு மகளிர் விடுதிச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம், எல்லை தாண்டி வராது. அந்த மனுவைப் பின்தொடர்ந்து அலையாதீர்கள்.

அந்தப் பெண்ணை வெளியேற்ற முடியுமா? அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அவளுக்கு மனநோய் இருக்கிறதா என்பதை நீங்களோ நானோ வார்டனோ முடிவு செய்ய முடியாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்படியே இருந்தாலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்துத்தான் பாகுபாடு கூடாது என்கிறது. உங்கள் மனுவைக் காரணம் காட்டி கல்லூரி அவளை அனுப்பினால், நாளைக்கு அவள் பெற்றோர் போடும் வழக்கில் எதிர்த்தரப்பு வரிசையில் உங்கள் பெயரும் ஏறும். ஹாஸ்டல் பணமும் அப்படித்தான். கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்று ஆரம்பித்தாலே அது தனியாக ஓடும், அதற்குள் உங்கள் மகள் டிகிரி வாங்கிவிடுவாள்.

சரி, ஆபத்துக்கு வருவோம். உங்களுக்கு இருப்பது ஒன்று, உங்கள் மகளுக்கு இருப்பது வேறு, அதுதான் பெரியது.

உங்களுடையது அந்த வாட்ஸ்அப் பதிவு. "எச்சரித்தேன்" என்று எழுதுகிறீர்கள், நீங்களே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் "மெண்டல் கேஸ்" என்று இருக்கிறது, கீழே ஆறு பேர் கும்பிடு எமோஜி வேறு போட்டிருக்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு அவதூறு, இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது சமூக சேவை என்று போகும். அந்தப் பிரிவிலேயே விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஒருவரைப் பற்றி, அந்த விஷயத்தில் அதிகாரம் உள்ளவரிடம், நல்லெண்ணத்தோடு புகார் சொன்னால் அது அவதூறு ஆகாது. அதாவது கல்லூரி முதல்வருக்கு நீங்கள் கடிதமாக எழுதியிருந்தால் உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே சேதி, குரூப்பில் போட்டதால் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மற்ற பெற்றோரின் நன்மைக்குத்தான் சொன்னேன் என்று வாதாட ஒரு விதிவிலக்கு இருக்கிறதே என்று உங்கள் ஊர் வக்கீல் சொல்லலாம். இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள், அதுவும் விசாரணை நடக்கும்போது, பாண்டிச்சேரி கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அந்தக் குடும்பம் எந்தத் தெரு, "எந்த ஆளுங்க" என்று இரண்டு வரி இருந்தது. அதை நான் வெளியிடவில்லை, நீங்களும் வேறு எங்கும் எழுதாதீர்கள், போனிலும் பேசாதீர்கள். அது அசிங்கம் என்பது ஒரு பக்கம். அவர்கள் பட்டியல் சாதியினர் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும், அதில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது.

இனி உங்கள் மகள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் (ஆகக் கூடாது, ஆனால் நீங்கள் கேட்டது வக்கீலிடம்) போலீஸ் முதலில் எடுப்பது அந்தப் பெண்ணின் போனை, அடுத்தது அதில் கடைசியாகப் பேசியவரின் போனை. "யார்கிட்டயும் சொல்லாத" என்று அவள் ரகசியம் சொன்ன ஒரே ஆள் உங்கள் மகள். பக்கத்து அறையில் இருந்தவள், விஷயம் தெரிந்தவள், யாரிடமும் சொல்லாதவள். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஃபைலில் அவள் இப்படித்தான் தெரிவாள்.

என்னிடம் வந்த ஒரு பெண், மூன்றாம் ஆண்டு மாணவி, பரீட்சைக்கு முந்தின ராத்திரி ரூம்மேட்டின் அழுகை தாங்காமல் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "டிராமா போடாத, எங்களையாவது நிம்மதியா விடு." நேரம் ராத்திரி 1.40 என்று போனில் பதிவாகியிருந்தது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் அந்த ரூம்மேட்டுக்குச் சாப்பாடு எடுத்துவந்து கொடுத்தது, துணி துவைத்துப் போட்டது எதுவும் எழுத்தில் இல்லை, இந்த ஒரு வரி மட்டும்தான் இருந்தது. தற்கொலைக்குத் தூண்டியதாக எஃப்ஐஆர். இப்போது அது நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவு, பத்து வருடம் வரை, ஜாமீன் தரமுடியாத குற்றம். கோபத்தில் சொன்ன வார்த்தை மட்டும் தூண்டுதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2001லேயே ரமேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது, அதைக் காட்டித்தான் கடைசியில் அவளும் வெளியே வந்தாள். ஆனால் வெளியே வருவதற்குள் கேம்பஸ் இன்டர்வியூ போயிற்று, போன் கோர்ட்டு கஸ்டடியில் கிடந்தது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வழக்கு இருக்கிறதா என்ற கட்டத்தில் ஆமாம் என்று எழுத வேண்டியிருந்தது. ஜெயித்த வழக்குதான், அந்தக் குடும்பத்தைக் கேட்டால் ஜெயித்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் உங்கள் மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். அந்தப் பெண்ணைத் திட்டி ஒரு வார்த்தை டைப் செய்யக் கூடாது, வாய்ஸ் மெசேஜும் கூடாது. இருக்கும் சாட் எதையும் அழிக்கவும் கூடாது, அழித்தது தெரிந்தால் நல்லதாக இருந்ததுகூட கெட்டதாகிவிடும். கையில் இருக்கிற காயத்தை போட்டோ எடுக்க வேண்டாம், அலமாரியைத் துழாவ வேண்டாம். ஹாஸ்டலில் பெண்களெல்லாம் சேர்ந்து "இவளை மாற்றுங்கள்" என்று கையெழுத்து வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தாளில் உங்கள் மகள் பெயர் இருக்கவே கூடாது. ஒருத்தியைக் குறிவைத்துப் பத்துப் பேர் ஒதுக்கினார்கள் என்று சொன்னால் அது யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிகளுக்குள் போய் நிற்கும், பத்துப் பெயரும் ஒரே தாளில் வரிசையாக இருப்பதால் போலீசுக்கு வேலையும் மிச்சம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வார்டன் சாதாரணமாகச் சொன்ன அந்த வாக்கியம், "உங்க பொண்ணையே கூட இருந்து பார்த்துக்கச் சொல்லுங்க." இன்றைக்கு அது பேச்சு. பிரச்சினை வந்தால் அதுவே வாக்குமூலம் ஆகும்: "மாணவியைக் கவனித்துக்கொள்ள பக்கத்து அறை மாணவியிடம் ஒப்படைத்திருந்தோம்." உங்கள் மகளுக்குச் சட்டப்படி அப்படி ஒரு கடமையே கிடையாது, ஹாஸ்டல் நடத்துகிறவர்களுக்குத்தான் உண்டு. மனிதாபிமானத்தில் கூட இருப்பது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு. "பார்த்துக்கொள்கிறேன்" என்று எந்த ரிஜிஸ்டரிலும், எந்த உறுதிமொழித் தாளிலும் அவள் கையெழுத்துப் போடக் கூடாது, நீங்களும் போடக் கூடாது.

ரகசியம் காக்கச் சொன்னாளே என்று உங்கள் மகள் தயங்கினால், அந்த வாக்குறுதி சட்டத்தில் அவளைக் கட்டாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உள்ள ரகசியக் கடமை சிகிச்சை தருகிறவர்களுக்கு, தோழிக்கு இல்லை. உயிர் விஷயத்தில் உரிய இடத்தில் சொல்வதுதான் அவளுக்கும் பாதுகாப்பு, அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு. "போலீஸ் கேஸ் ஆகிடும், வெளியே சொல்லாதீங்க" என்று வார்டன் இழுத்தால், தற்கொலை முயற்சிக்குத் தண்டனை என்ற பழைய 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் இல்லவே இல்லை என்று சொல்லுங்கள்.

கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம், நகல் தலைமை வார்டனுக்கு. அதில் அந்தப் பெண்ணுக்கு நோய்ப்பெயர் எதுவும் வைக்காதீர்கள், என்ன சொன்னாள், என்ன கண்ணில் பட்டது, எந்தத் தேதியில் வார்டனிடம் போனில் சொன்னீர்கள், அவ்வளவுதான். சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்: நூறு மாணவர்களுக்குக் குறையாமல் இருக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், உடனடி உதவிக்கு அனுப்பும் நடைமுறை எழுத்தில் இருக்க வேண்டும். இந்த வரியைப் படித்த பிறகு "சகஜம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அந்த நிமிடத்திலிருந்து பொறுப்பு அவர்கள் மேல். கடைசி வரியில் உங்கள் மகளுக்கு அறை மாற்றம் கேளுங்கள், மகளுக்கு மட்டும். அந்தப் பெண்ணை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை வேண்டாம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், உங்களுக்கு வழக்கு இல்லை, சமாதானம்தான். குரூப் பதிவை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நீக்குங்கள், "பெயர் சொல்லி எழுதியது தவறு" என்று அங்கேயே இரண்டு வரி போடுங்கள். அந்த அம்மாவுக்கு நீங்களே போன் செய்யாதீர்கள், இருவருக்கும் தெரிந்த ஒரு பெரிய மனிதர் மூலம் வருத்தம் சொல்லி அனுப்புங்கள். கவுரவம் பார்த்து இதைத் தள்ளிப்போட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு, அதற்கப்புறம் அதே வருத்தத்துக்குப் பணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஹாஸ்டல் பணத்தை மறந்துவிடுங்கள். அறை மாற்றிக் கொடுத்தால் அதுவே உங்களுக்கு லாபம்.

இதெல்லாம் காகித வேலை, அதற்குள் ஒரு ராத்திரி நிலைமை மோசமானால் உங்கள் மகள் கடிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. கதவு திறக்கவில்லை, பதில் இல்லை என்றால் வார்டனை எழுப்பச் சொல்லுங்கள், அவர் அசையவில்லை என்றால் 108 அல்லது 112. பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம், உங்கள் மகளுக்கும் அது பயன்படும், இரண்டு மாதமாகத் தூங்காதவள் அவளும்தானே. கோரிமேட்டில் ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தாள் என்பது அவள் போனிலேயே பதிவாகியிருக்கும், தனியாக எழுதி வைக்கத் தேவையில்லை.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். "வெச்சுட்டுப் போங்க, மேடம் பார்ப்பாங்க" என்பார்கள். நகலில் சீல், தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் இல்லாமல் கடலூர் பஸ் ஏறாதீர்கள். போட மாட்டோம் என்றால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட், கூடவே கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் ஒன்று.