தோட்டத்துக்கு எத்தனை யூனிட் மண் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

தமிழ்நாட்டில் லாரி மண்ணை யூனிட் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 100-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். ஒரு சென்ட் இடம் 435.6 சதுர அடி. அதை அரை அடி உயர்த்த சுமார் 218 கன அடி, அதாவது இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். உயரத்தை அங்குலத்தில் அளந்திருந்தால் முதலில் 12-ஆல் வகுத்து அடியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த அளவு போதாது. வெட்டி அள்ளிய மண்ணில் கட்டிகளுக்கு நடுவே நிறைய காற்று இருக்கும். டப்பாவைத் தட்டியதும் உள்ளே மாவு இறங்குவதுபோல, தண்ணீர் விட்டு மிதித்ததும் மண்ணும் இறங்கிவிடும். அதனால் கால் பங்கு கூடுதலாகவே சொல்லிவையுங்கள்.

சரி, எடை? ஒரு யூனிட் உதிரி மண் ஏறக்குறைய 3.5 முதல் 4.5 டன் வரும். மாடித் தோட்டம் போடுபவர்கள், தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் மண் ஏற்றவே கூடாது.

மழைக்குப் பிறகு வரும் லோடு எடை கூடுதலாக இருந்தால் மண்ணும் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். கூடியிருப்பது தண்ணீர்தான், எனவே எடையைப் பார்க்காமல் லாரித் தொட்டியில் மண் நிற்கும் உயரத்தை அளந்து வாங்குங்கள்.