தண்ணீர் எங்கே நிற்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழை விட்டு ஆறு மணி நேரமாகியும் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நகராட்சியில் இரண்டு முறை புகார் செய்தோம். இரண்டு முறையும் ‘சரிசெய்யப்பட்டது’ என்று முடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: ‘தண்ணீர் தேங்குகிறது’ என்று எழுதினால், மோட்டார் வைத்து இறைப்பதோடு அந்தப் புகார் தீர்ந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி தேங்கும். எனவே தேக்கத்தை எழுதாமல் காரணத்தை எழுதுங்கள்.

அதற்கு மழை பெய்யும்போதே கவனிக்க வேண்டும். வடிகாலின் வாய் வரைக்கும் தண்ணீர் போகாமல் நடுத்தெருவில் நின்றால் சாலையின் வாட்டம் சரியில்லை, தூர்வாரி பயனில்லை. வாய் வரை வந்து உள்ளே இறங்காவிட்டால் கம்பிச் சல்லடையில் இலையோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கும். தார் போடும்போது வாயையே மூடிவிடுவதும் உண்டு. வாசலில் கார் ஏற்ற நாம் கட்டும் சாய்தளமும் இதே வேலையைச் செய்யும். அதற்கு நகராட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. இறங்கிய தண்ணீர் திரும்பக் கொப்பளித்து வந்தால் அடைப்பு அடுத்த தெருவிலோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. கால்வாயில் மட்டம் குறையக் குறையத்தான் உங்கள் தெருவும் வடிகிறது என்றால், சிக்கல் வடிகால் போய்ச் சேரும் இடத்தில்.

புகாரில் மின்கம்ப எண், மழை விட்ட நேரம், தண்ணீர் வடிந்த நேரம், ஒரே கம்பம் தெரியும்படி எடுத்த இரண்டு படங்கள் இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை நடக்காமலே முடித்துவிட்டால், புதிய படத்துடன் அதே எண்ணைச் சொல்லி மீண்டும் திறக்கக் கேளுங்கள். தூர்வாரி எடுத்த சகதியை அப்புறப்படுத்தவும் சேர்த்தே கேளுங்கள். ஓரத்தில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது அதே வடிகாலுக்குள் போய்விடும்.

கேள்வி: கனமழை பெய்தால் தரைத்தளக் குளியலறையில் சாக்கடை பொங்குகிறது. மொட்டைமாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்திருக்கிறோம். அதனாலா?

பதில்: பாதிக் காரணம் அதுதான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். வீட்டுக் கழிவை மட்டும் கணக்கிட்டுப் போட்ட குழாய், தெருவில் எல்லா மாடித் தண்ணீரும் ஒரே மணி நேரத்தில் வந்தால் தாங்காது. பொங்குவது மிகத் தாழ்வாக இருக்கும் வீட்டில். முதலில் மாடிக் குழாயைப் பிரித்து விடுங்கள்.

பிறகு, வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தால் மடலால் மூடிக்கொள்வது) போடலாம். வரிசையை மாற்றிவிடாதீர்கள். மாடித் தண்ணீரைப் பிரிக்காமல் வால்வு போட்டால், வால்வு மூடியதும் உங்கள் மாடித் தண்ணீரே வீட்டுக்குள் பொங்கும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் கழிப்பறை, துணி துவைக்கும் எந்திரம் எதையும் பயன்படுத்தக் கூடாது. தலைமுடியும் துணியும் சிக்கினால் மடல் முழுதாக மூடாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: அந்த மாடித் தண்ணீரைத் தோட்டத்துக் குழியில் விடலாமா?

பதில்: மண் உறிஞ்சினால் விடலாம். 30 செ.மீ. ஆழம் தோண்டி, நீர் ஊற்றி முழுதும் இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றரை செ.மீ.கூட இறங்காத களிமண்ணில் குழி வெறும் குட்டையாகிவிடும். குழி சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வேண்டாம். இரண்டு நாளில் வற்ற வேண்டும். கொசு முட்டை, புழு, கூடு தாண்டிப் பறக்க ஒரு வாரம் போதும். மாடியின் முதல் மழைத் தண்ணீரைத் தனியே வெளியேற்றினால் தூசியும் வண்டலும் குழியை அடைக்காது.

கேள்வி: தண்ணீர் சீக்கிரம் வடிய மேன்ஹோல் மூடியைத் திறக்கலாமா?

பதில்: கூடாது. அது பெரும்பாலும் சாக்கடைக் குழாய். வெள்ளத்தை அதில் விட்டால் கீழ்வீடுகளில் பொங்கும். தண்ணீருக்கடியில் திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது. உள்ளே நச்சு வாயு வேறு. மூடி ஏற்கெனவே நகர்ந்திருந்தால் தூரத்திலேயே கொம்பு நட்டுத் துணி கட்டிவிட்டு, உடனே தொலைபேசியில் சொல்லுங்கள்.