தத்தெடுத்த மகள் பதின்வயதில் விலகிப்போனால், எங்களுக்குள் இருந்த பிணைப்பு அறுந்துவிட்டது என்று பொருளா?

கேள்வி கேட்ட தாய் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. பத்து மாதக் குழந்தையாகத் தத்தெடுத்த மகளுக்கு இப்போது 14 வயது. தத்து என்பது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். எப்போதும் அம்மாவை ஒட்டிக்கொண்டே திரிந்தவள் இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒரு சண்டையில், "நீ என்ன என்னைப் பெற்றவளா?" என்று கேட்டுவிட்டாள். பெற்ற தாயைப் பற்றிக் கைபேசியில் தேடியிருப்பதும் இவர் கண்ணில் பட்டிருக்கிறது. பிணைப்பு அறுந்துவிட்டதா, அந்தத் தேடலைப் பற்றி மகளிடம் கேட்கலாமா என்கிறார்.

அறுந்துவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். நானும் இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்தவள். மூத்தவள் கைக்குழந்தையாக வந்தாள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இளையவன் ஆறு வயதில் வந்தான், அவனுக்கு இப்போது 16. நீங்கள் கேட்ட அதே சொற்களை இருவர் வாயாலும் கேட்டிருக்கிறேன்.

14 வயதில் கதவைச் சாத்தாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? பெற்ற பிள்ளை சாத்தினால் வயது அப்படி என்று விட்டுவிடுகிறோம். தத்துப் பிள்ளை சாத்தினால் உடனே மனம் பழைய கோப்பைப் புரட்டத் தொடங்கிவிடுகிறது. போதாததற்கு, "என்ன இருந்தாலும்..." என்று இழுத்து, பாதியில் நிறுத்திக்கொள்ளும் உறவினர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அந்தப் பாதி வாக்கியத்தை முழுமையாக்கிப் பார்க்கும் வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை.

ஒட்டிக்கொண்டே இருப்பதுதான் பிணைப்பின் அடையாளம் என்பதும் சரியில்லை. பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பியும், ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயுடன் வைத்துக் கூர்ந்து கவனித்த மேரி எயின்ஸ்வர்த்தும் பார்த்தது வேறு. தாயை நம்பும் குழந்தை துணிந்து விலகிப்போய் விளையாடும். பயந்தால் திரும்பி வரும். வந்து தேறியதும் மறுபடி போகும். ஆகவே குழந்தை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைவிட, துன்பம் வந்தால் யாரிடம் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 14 வயதுக்கும் இது பொருந்தும். காய்ச்சலின்போது, தோழி ஏமாற்றிவிட்டபோது, தேர்வு மோசமாகப் போனபோது அவள் கதவைத் திறக்கிறாளா? அரைகுறையாகத் திறந்தாலும் அது கணக்கில் சேரும்.

எத்தனை வயதில் வந்தார்கள் என்பதற்கும் பங்கு உண்டு. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு வயதுக்குள் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளின் பிணைப்பு, பெற்றவர்களிடமே வளரும் குழந்தைகளின் பிணைப்புக்குக் குறைந்ததில்லை என்கிறது. உங்கள் மகள் இந்தக் கூட்டத்தில் வருகிறாள். தாமதமாக வந்தவர்களின் பாதை கொஞ்சம் கரடுமுரடானது. 1989க்குப் பிறகு ருமேனிய அனாதை இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்த குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழு பெரியவர்களாகும் வரை தொடர்ந்து ஆராய்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் அந்த இல்லங்களில் கிடந்தவர்கள் பலரிடம் சிக்கல்கள் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஒரு பகுதியினர் எந்தச் சிக்கலும் இன்றி வளர்ந்தார்கள்.

என் மகன் அந்த மாதிரி இல்லத்திலிருந்து வந்தவன் அல்ல. இருந்தும், யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதை ஆறு வயதுக்குள் எங்கோ கற்றுக்கொண்டு வந்திருந்தான். உடம்பு சரியில்லை என்றால் சொல்லாமல் போய்ப் படுத்துவிடுவான். என்னைக் கட்டிப்பிடிப்பது இன்றைக்கும் அபூர்வம். ஆனால் பள்ளியில் தகராறு என்றால் ஆசிரியர் அழைப்பதற்கு முன் அவனே வந்து, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போகிறான். எங்கள் வீட்டில் பிணைப்பு என்றால் அதுதான். அக்காவைப் போல் அவனும் மடியில் சாய வேண்டும் என்று நான் காத்திருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

சரி, ஏன் இந்த வயதில்? டேவிட் பிராட்ஸின்ஸ்கி என்ற உளவியலாளர் 1980களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். நான்கு வயதுக் குழந்தை தன் தத்துக் கதையை ஆசையாகச் சொல்லும். அதன் பொருள் அதற்கு முழுதாக எட்டியிருக்காது. நாம் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தோம் என்றால், இன்னொருவர் அதே பிள்ளையை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்ற கணக்கு பள்ளி வயதில்தான் விளங்கத் தொடங்குகிறது. பதின்வயதில் அதற்கு முகமும் சூழ்நிலையும் வந்துவிடும். என்னைப் பெற்றவளுக்கு அப்போது எத்தனை வயது, அழுதாளா, என்னை நினைக்கிறாளா? அறிவியல் பாடத்தில் மரபணு வரும். மருத்துவர், "குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா?" என்று சாதாரணமாகக் கேட்பார். கண்ணாடியில் தினமும் மாறும் முகம் யாருடையது என்றும் தெரியாது. இறந்தும் போகாத, கண்ணெதிரிலும் இல்லாத ஒருவருக்காக வரும் இத்தகைய துக்கத்தைத் தெளிவற்ற இழப்பு என்றார் குடும்ப உறவுகளை ஆராய்ந்த பாலின் பாஸ். இதற்குச் சடங்கு கிடையாது, துக்கம் விசாரிக்க வருவோரும் கிடையாது. அது பெரும்பாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

அந்தக் கோபம் ஏன் உங்கள் மேல்? உங்களிடம் பாதுகாப்பாக உணர்வதால்தான் கத்துகிறாள் என்று ஆலோசகர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது பாதி உண்மை. பெற்றவளைத் திட்ட அவளுக்கு முகவரி இல்லை, நீங்கள் பக்கத்து அறையில் இருக்கிறீர்கள் என்பது மீதிப் பாதி.

அதிகம் பேசப்படாதது தாயின் பக்கம். கனடாவில் பணியாற்றிய சமூகவியலாளர் டேவிட் கிர்க், தாமே பிள்ளைகளைத் தத்தெடுத்தவர், 1960களிலேயே ஒன்றைக் கவனித்தார். சில பெற்றோர் "எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை" என்று சாதித்தார்கள். சிலர் வித்தியாசம் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட வீடுகளில்தான் பிள்ளைகளால் மனம்விட்டுப் பேச முடிந்தது. பிறகு பிராட்ஸின்ஸ்கி மூன்றாவது வகையையும் சேர்த்தார்: எதற்கெடுத்தாலும் தத்தையே காரணம் காட்டுகிறவர்கள். மதிப்பெண் குறைந்தாலும், பொய் சொன்னாலும் "அந்த ரத்தம்" என்பார்கள். இது முதல் வகையைவிடக் கொடியது என்பது என் எண்ணம்.

லண்டனில் மிரியம் ஸ்டீல், ஜில் ஹாட்ஜஸ் ஆகியோரின் குழு, கொடுமைகளை அனுபவித்துவிட்டுத் தாமதமாகத் தத்து வந்த குழந்தைகளை ஆராய்ந்தது. தத்தெடுத்த தாய் தன் சொந்தக் குழந்தைப் பருவத்தை எவ்வளவு தெளிவாக, நேர்மையாகப் பேச முடிகிறவளாக இருந்தாள் என்பது, வந்த சில மாதங்களிலேயே அந்தக் குழந்தைகள் சொன்ன கதைகளில் தெரிந்ததாம். அதாவது நம் மனத்தில் தீராமல் கிடப்பது பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. கருத்தரிக்க முடியாமல் தத்தெடுத்த பெண்களுக்கு, மகள் பூப்படையும் காலம் எதிர்பாராத இடத்தில் குத்தும். அவள் உடல் செய்யத் தயாராகும் ஒன்றை நம் உடல் செய்யவில்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் தோழியிடமோ ஆலோசகரிடமோ இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மகளின் "பெற்றவளா?" என்ற கேள்வி பாதி வலிப்பது அந்தப் பழைய காயத்தில்தான்.

இன்னொரு விஷயமும் பல வீடுகளில் பார்க்கிறேன். எங்கே சொல்லிக் காட்டிவிடுவாளோ என்ற பயத்தில் தத்துத் தாய்மார்கள் கண்டிப்பதை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் இதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். விருந்தாளியிடம்தான் யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். என் மகன் அந்தக் கேள்வியை வீசியபோது, "இல்லை, நான் உன்னைப் பெறவில்லை. ஆனாலும் எட்டு மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும்" என்றேன். முறைத்தான். எட்டேகாலுக்கு வந்தான். அதற்கும் திட்டு வாங்கினான்.

பெரிய பேச்சுக்கு என்று உட்கார வைக்காதீர்கள். துணி மடிக்கும்போது, எங்காவது சேர்ந்து நடந்துபோகும்போது, முகம் பார்க்காமல் பேசுவது பதின்வயதினருக்கு எளிது. அவள் பிறந்தநாளன்று, "உன்னைப் பெற்றவளும் இன்று உன்னை நினைக்கிறாளோ என்று எனக்குத் தோன்றும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சை எடுத்தால் நீங்கள் உடைந்துபோக மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

உங்களிடமிருந்து மட்டுமல்லாமல் நண்பர்கள், படிப்பு, பிடித்தவை என எல்லாவற்றிலிருந்தும் அவள் ஒதுங்கினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், சாவைப் பற்றிப் பேசினால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் பிள்ளையை வலுக்கட்டாயமாக இறுக்கிப் பிடித்துப் பிணைப்பை உண்டாக்குகிறோம் என்று சொல்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 2000ஆம் ஆண்டு, தத்தெடுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, 'மறுபிறப்பு' என்ற பெயரில் நடந்த இப்படிப்பட்ட சிகிச்சையில் மூச்சுத்திணறி இறந்தாள். மறு ஆண்டே அந்த மாநிலம் அந்த முறையைத் தடை செய்தது.

கைபேசித் தேடலுக்கு வருகிறேன். தெரியாததுபோல் நடிக்காதீர்கள். "நீ தேடியிருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கோபமில்லை. என்னிடம் இருக்கும் காகிதங்களைச் சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெற்ற தாயுடன் தொடர்பு இருந்தால் யார் தன் தாய் என்று பிள்ளை குழம்பிவிடும் என்ற பயம் பழையது. அமெரிக்காவில் ஹெரால்ட் குரோட்டவன்ட் குழு 190 தத்துக் குடும்பங்களை 1980களிலிருந்து பின்தொடர்ந்தது. அந்தப் பயம் அங்கே மெய்ப்படவில்லை. பெற்றோர் யார் என்பதை முடிந்தவரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவும் சொல்கிறது. ஆவணங்களைப் பார்க்கும் வயதும் வழிமுறையும் நாட்டுக்கு நாடு மாறும். அதைத் தத்து முகமையிடம் முதலில் கேட்டுவையுங்கள். சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாதவருக்கு அவள் தனியாகச் செய்தி அனுப்புவதுதான் ஆபத்து. சேர்ந்து தேடுவோம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் அதற்கான தேவை குறையும். அவளிடம் தருவதற்கு முன் கோப்பை நீங்கள் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள். கடினமான செய்தி இருந்தால் அதை எப்படிச் சொல்வது என்று ஆலோசகரிடம் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்து வைத்துவிடாதீர்கள்.