உலகமயமாதல், மக்களாட்சி, தேசிய இறையாண்மை: மூன்றும் ஒன்றாக இருக்க முடியுமா?

மூன்றையும் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் என் பதில். எந்த இரண்டை எடுத்தாலும் மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று பொருளியலாளர் டேனி ராட்ரிக் சொன்னது பிரபலம். நடைமுறையில் சத்தமில்லாமல் பறிபோவது பெரும்பாலும் மக்களாட்சிதான். தேர்தல் நடக்கும், ஆட்சி மாறும், ஆனால் நம் வாக்கால் தீர்மானிக்கக் கூடிய விஷயங்கள் குறைந்துகொண்டே போகும்.

2015-இல் கிரீஸில் நடந்ததைப் பாருங்கள். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்பதா வேண்டாமா என்று பிரதமர் சிப்ராஸின் அரசு மக்களிடமே கேட்டது. வாக்கெடுப்பு அறிவித்த கையோடு, கிரேக்க வங்கிகளுக்குத் தரும் அவசரக் கடனை இனி உயர்த்த மாட்டோம் என்றது ஐரோப்பிய மத்திய வங்கி. சொந்த நாணயம் இருந்தால் கிரேக்க அரசு சமாளித்திருக்கும். யூரோவை அது அச்சிட முடியாதே. வங்கிகள் மூடப்பட்டன, ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் என்றார்கள். அப்படியும் ஜூலை 5 அன்று 61 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றே வாக்களித்தார்கள். எட்டே நாளில், விடிய விடிய நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், அதே அரசு கடுமையான நிபந்தனைகளுக்குச் சம்மதித்தது. அதில் ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை: சம்பந்தப்பட்ட துறைகளில் எந்தச் சட்ட வரைவையும் மக்கள் முன்போ நாடாளுமன்றத்திலோ வைப்பதற்கு முன், கடன் கொடுத்த அமைப்புகளிடம் கலந்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

சரி, கடன் கொடுத்த நாட்டு மக்களுக்கும் வாக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்று யூரோ பகுதியில் இருந்த மற்ற 18 நாடுகளும் மக்களாட்சிகளே. ஆனால் அந்த மக்களும் கிரேக்க மக்களும் சேர்ந்து வாக்களித்து முடிவெடுக்க ஒரு பொது மன்றம் இல்லை. நாணயத்தை ஒன்றாக்கியவர்கள் அரசியலை ஒன்றாக்கவில்லை. அந்த இடைவெளியில் கடன் கொடுத்தவர் கை ஓங்கியது.

வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஒரு நாட்டின் அரசு மீதே வழக்குப் போட வழிசெய்யும் முதலீட்டு ஒப்பந்தங்களிலும் இதேதான். சிகரெட் பெட்டியில் நிறுவன அடையாளங்கள் கூடாது என்று ஆஸ்திரேலியா 2011-இல் சட்டம் போட்டது. உள்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் நிறுவனமோ தன் ஆஸ்திரேலியக் கிளையை ஹாங்காங் கிளையின் கீழ் கொண்டுவந்து, ஹாங்காங்குடனான 1993 முதலீட்டு ஒப்பந்தத்தின்படி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. அந்த உத்தியே முறைகேடு என்று 2015-இல் வழக்கு தள்ளுபடியானது. ஆஸ்திரேலியா ஜெயித்தது, உண்மை. ஆனால் அதுவரை நியூசிலாந்து இதே போன்ற தன் சட்டத்தை நிறுத்தி வைத்துக் காத்திருந்தது. தோற்ற வழக்கே இன்னொரு நாட்டின் சட்டத்தைத் தாமதப்படுத்தியது.

என்னைக் கேட்டால், மூன்றில் உலகமயமாதலைத்தான் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். பல நாடுகள் சேர்ந்து 1944-இல் உருவாக்கிய பிரெட்டன் வுட்ஸ் என்ற நாணய ஏற்பாட்டில் மூலதனம் எல்லை தாண்டக் கட்டுப்பாடுகள் இருந்தன. வர்த்தகமும் வளர்ந்தது, நலத்திட்டங்களுக்கு அரசுகள் கையில் இடமும் இருந்தது. அதற்காக, இறையாண்மை என்று முழங்கிக்கொண்டே உள்நாட்டு நீதிமன்றத்தையும் பத்திரிகையையும் நசுக்கும் ஆட்சியாளர்களை நான் ஆதரிப்பதாக நினைக்க வேண்டாம். அங்கே பறிபோவதும் மக்களின் அதிகாரம்தான்.

முதலில் மாற வேண்டியது, வெளியேறவே முடியாதபடி ஒப்பந்தம் எழுதும் வழக்கம். எரிசக்தித் துறையில் வெளிநாட்டு முதலீடுகளைப் பாதுகாக்கும் எரிசக்தி சாசன ஒப்பந்தத்தில் இருந்து ஒரு நாடு விலகினாலும், பழைய முதலீடுகளுக்கு அது மேலும் 20 ஆண்டுகள் செல்லும். இடையில் எத்தனை தேர்தல் வந்தாலும் அந்த நாடு தனியாக அதை மாற்ற முடியாது.