ஆற்றில் வெள்ளம் வந்தால் அணு உலையை நிறுத்திவிட்டால் போதாதா?

போதாது. உலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது. நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 சதவீதத்துக்கு மேல் வெப்பம் வந்துகொண்டிருக்கும். அது குறையும், ஆனால் நின்றுவிடாது. அதைத் தணிக்க பம்ப் ஓடவேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். வெள்ளம் கைவைப்பது அந்தக் கரண்டில்தான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த ஃபோர்ட் கால்ஹூன் நிலையத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளத் தடுப்பு போதவில்லை என்று அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2010-இலேயே கண்டித்தது. பிறகு அந்தக் குறைகளைச் சரிசெய்தார்கள், நல்லவேளை. 2011 ஜூனில் ஆறு பெருகியபோது, எரிபொருள் மாற்றுவதற்காக உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. கட்டடங்களைச் சுற்றி, தண்ணீர் நிரப்பிய பிரம்மாண்டமான ரப்பர் குழாயை அணைபோலக் கிடத்தியிருந்தார்கள். ஜூன் 26 அதிகாலையில் ஒரு சின்ன மண்வாரி வண்டி பட்டு அது கிழிந்தது. மின்மாற்றிகளைத் தண்ணீர் சூழ, சிறிது நேரம் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டவேண்டியதாயிற்று. ஊழியர்கள் வெள்ளத்துக்கு மேலே போட்ட நடைபாலத்தில்தான் வேலைக்குப் போய்வந்தார்கள்.

கதிர்வீச்சு ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனாலும் அந்த உலை மறுபடி ஓட 2013 டிசம்பர் ஆனது. என்னைக் கேட்டால், ஆற்றங்கரை நிலையத்தில் முதலில் பார்க்கவேண்டியது ஜெனரேட்டரும் சுவிட்ச் பலகைகளும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதைத்தான்.