வாசலில் வைத்தது யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டை ஒழித்தபோது மிஞ்சிய சாமான்களைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது பயன்படட்டும் என்று குடியிருப்பின் வாசலில் சுவரோரமாக வைத்தேன். பார்ட்டிகிள் போர்டில் செய்த புத்தக அலமாரி ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, டேபிள் ஃபேன், ஒற்றைப் படுக்கை மெத்தை, ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள், நல்ல மர நாற்காலி ஒன்று. மர நாற்காலி ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. மற்றவற்றை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் மழையில் அலமாரி உப்பிவிட்டது. ஃபேனின் வயரை மட்டும் யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் மெத்தையின்மேல் வேறு யார் வீட்டுக் குப்பையோ கிடந்தது. குடியிருப்போர் சங்கம் 'உடனே அகற்றவும்' என்று தாள் ஒட்டிவிட்டது. மர நாற்காலியை எடுத்துப்போனவர் அதை விற்றுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஏமாந்துவிட்டது போல இருக்கிறது. எதை வைத்திருக்க வேண்டும், எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

கொடுக்க நினைத்ததில் பிழை ஒன்றுமில்லை. கொடுத்து முடியும் முன்பே கையை எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். வாசலில் வைத்த பொருள் இன்னொருவர் வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை உங்களுடையதுதான். அது நனையாமல் பார்த்துக்கொள்வதும், யார் காலிலும் இடறாமல் வைப்பதும், எடுக்க ஆளில்லை என்றால் திரும்ப உள்ளே கொண்டுவருவதும் உங்கள் வேலை. இதை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மர நாற்காலி ஏன் உடனே போனது? அதைப் பார்த்தாலே தெரியும். உட்கார்ந்து பார்க்கலாம், ஆட்டிப் பார்க்கலாம், ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போகலாம். ஃபேன் அப்படியில்லை. ஓடுமா, ஷாக் அடிக்குமா, ஏன் வெளியே வைத்தார்கள் என்று கடந்து போகிறவர் யோசிப்பார். பதில் சொல்ல ஆளில்லை என்றால் நடையைக் கட்டிவிடுவார். முதலில் அது இலவசமா, இல்லை யாராவது வீடு மாறும்போது ஐந்து நிமிடம் இறக்கி வைத்திருக்கிறார்களா என்பதே அவருக்குத் தெரியாது. நாணயமுள்ளவர்கள்தான் இந்தச் சந்தேகத்தில் கையை இழுத்துக்கொள்வார்கள். எழுதி வைக்காத பொருள் அவர்களுக்குப் போய்ச் சேராது.

ஆகவே ஒவ்வொரு பொருளிலும் ஒரு தாள். கறுப்புப் பெர்மனன்ட் மார்க்கரில், நாலைந்து அடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி எழுதுங்கள். முதல் வரி: எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வரி அதன் நிலை. 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதுவதில் பயனில்லை. 'மூன்று வேகத்தில் இரண்டு மட்டும் ஓடும், தலை திரும்பாது' என்று எழுதினால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார். மூன்றாவது வரி, வைத்த தேதியும் எந்த நாள்வரை இருக்கும் என்பதும். ஜெல் பேனா மை ஈரத்தில் கரைந்துவிடலாம். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாய் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். மேலே பார்த்தால் மழைநீர் உள்ளே தேங்கும். பாலிஷ் போட்ட மரத்தில் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். சணல் கயிறே போதும்.

ஃபேனுக்கு வருகிறேன். மின்சாமான் எதையும் வெளியே வைக்கும் முன் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபேன் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். இறுக்கமாக இருந்தால் சுழல்தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கும், எண்ணெய் விட்டால் சரியாகலாம். கண்டதை அப்படியே தாளில் எழுதுங்கள். வயரைச் சுருட்டிக் கட்டி ஃபேனின் பின்பக்கம் மறைத்து வைத்தால் செம்புக்காக அறுப்பது குறையும். வெளியே கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் இன்னும் குறையும். தொட்டால் ஷாக் அடிக்கிற, வயர் உறை வெடித்த சாமானைக் கொடுக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு வயரை அடியோடு வெட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். வெட்டுவது ஏனென்றால் 'ஓடாது' என்று எழுதியிருந்தாலும் எடுத்தவர் ஒரு தடவை சொருகித்தான் பார்ப்பார். மழையில் நனைந்த உங்கள் ஃபேனுக்கு யாராவது புது வயர் போட்டாலும், மோட்டார் முழுக்கக் காய்ந்து, தெரிந்தவர் ஒருவர் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

அடாப்டர் உள்ள சாமானை அடாப்டரோடு சேர்த்துக் கட்டுங்கள். பிரிந்துபோனால் இரண்டும் வீண். முனை பொருந்துகிறதே என்று வேறு வோல்ட் அடாப்டரைச் சொருகினால் சாமான் எரிந்துபோகலாம்.

உங்கள் கடிதத்தில் கைபேசி இல்லை. ஆனாலும் பலர் அதை இப்படிக் கொடுப்பதால் சொல்கிறேன். ஃபேக்டரி ரீசெட் செய்வதற்கு முன்பு, அதில் உள்ள கணக்குகளிலிருந்து வெளியேற வேண்டும். வரிசை மாறினால், ரீசெட் ஆன கைபேசி பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். எடுத்தவருக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பின்மூடி புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள்; அது தீப்பிடிக்கக்கூடியது, வெயிலில் வைக்கவே கூடாது.

பிளாஸ்டிக் நாற்காலிகள் போகாததற்குக் காரணம் அவற்றின் மேல்பரப்பிலேயே தெரிந்திருக்கலாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால், கால் சேருமிடத்தில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால், வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள் முறித்துவிட்டது. உட்காரும்போது எச்சரிக்கை இல்லாமல் கால் ஒடியும். அப்படிப்பட்ட நாற்காலியைக் கொடுக்காதீர்கள். காலை நீங்களே ஒடித்துவிட்டுக் கழிவில் சேருங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்துப்போய் அதில் ஒரு வயதானவரை உட்கார வைப்பார். மரச்சாமானில் பார்க்க வேண்டியது வேறு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள், அவற்றின் கீழே மாவு மாதிரித் தூள். மரத்தை நன்றாகத் தட்டிப் பழைய தூளை உதிர்த்துவிட்டு, கறுப்புத் துணியை அடியில் விரித்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் துணியில் புதிதாகத் தூள் இருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கக்கூடும்.

மெத்தையை வெளியே வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மூட்டைப்பூச்சி ஐந்து மில்லிமீட்டர் அளவுதான், முட்டை ஒரு மில்லிமீட்டர். தையல் ஓரங்களில் ஒளியும், மாதக்கணக்கில் இரத்தம் இல்லாமல் உயிர் வாழும். உங்கள் மெத்தை சுத்தமாகவே இருக்கலாம். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அதை எப்படி நிரூபிப்பீர்கள்? அதனால்தான் அறிந்தவர்கள் தொடுவதில்லை, அறியாதவர்தான் எடுப்பார். மெத்தையைக் கொடுப்பதென்றால் தெரிந்தவரை வீட்டுக்குள் அழைத்து, கட்டிலில் இருக்கும்போதே காட்டி, தையல்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பூச்சி இருந்த மெத்தை என்றால் உறையைக் கிழித்து, 'மூட்டைப்பூச்சி' என்று பெரிதாக எழுதி, பாலிதீனில் சுற்றி, கழிவு எடுப்பவரிடம் சொல்லி ஒப்படையுங்கள். துணிகளுக்கு வழி இருக்கிறது. எடுத்தவர் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். கொடுப்பவர் துவைத்து, நன்றாகக் காயவைத்து, உள்ளே இருப்பது தெரியும் பையில் போட வேண்டும். ஈரத்தோடு கட்டிய பை ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய வைத்தது இன்னொரு தவறு. நிரம்பி வழியும் பெட்டியைக் கழித்துப் போட்டது என்றுதான் கண் எடுத்துக்கொள்கிறது. பதினைந்து இருபது புத்தகங்களை முதுகு மேலே தெரியும்படி அடுக்கி வைத்தால் நின்று பார்ப்பார்கள். போகப் போக மீதியைச் சேர்க்கலாம். அட்டைப்பெட்டி தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஆகவே இரண்டு செங்கல்மேல் வையுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். பழைய ரசீதும் கடிதமும் அதற்குள்தான் இருக்கும்.

இடம். நடைபாதையில் ஒரு மீட்டராவது முழுதாக விட்டு வைக்க வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கோல் தட்டி நடப்பவருக்கும் வழி வேண்டும். சாக்கடை மூடியின்மேல் வேண்டாம். நிலைக்கண்ணாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், வெயில் பட்டால் வண்டி ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும். வாளி, தொட்டி போன்றவற்றைக் கவிழ்த்து வையுங்கள், தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

சங்கத்தின் மீது உங்களுக்கு வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. இதில் நான் அவர்கள் பக்கம். முக்கியமாக மாடிப்படியிலோ படி திரும்பும் இடத்திலோ எதையும், ஒரு நாள்கூட, வைக்காதீர்கள். சோஃபாவிலும் மெத்தையிலும் உள்ள பாலியூரிதேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கரும்புகை வரும். அது படிக்கட்டில் மேலேறும். மேல்மாடிக்காரர்கள் இறங்க வேண்டிய வழியும் அதுதான்.

பழைய ஃபிரிட்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை. ஒளிந்து விளையாடும் குழந்தைகள் உள்ளே புகுந்து, கதவு தாழிட்டுக்கொண்டு, மூச்சுமுட்டி இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956-இல் ஃபிரிட்ஜ் கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தாழ்ப்பாள் போய்க் காந்தப் பட்டை பரவலானது அதற்குப் பிறகுதான். ஆனாலும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாலோ கயிறு கட்டினாலோ அதே ஆபத்து. ஓடாத ஃபிரிட்ஜ் என்றால் கதவைக் கழற்றிய பிறகே வெளியே போக வேண்டும். ஓடுவது என்றால் வாசலுக்கே வர வேண்டாம், நேரில் கொடுங்கள். படுக்கவைத்துக் கொண்டுபோனால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே இயக்க வேண்டும் என்று எடுப்பவரிடம் சொல்லுங்கள்.

தலைக்கவசமும் காரில் பொருத்தும் குழந்தை இருக்கையும் விபத்தைக் கண்டவை என்றால் கொடுக்கக் கூடாது. அவற்றின் உள்நுரை ஒரே ஒரு அடியைத் தாங்கத்தான். நசுங்கியது வெளியே தெரியாது.

நேரம் பற்றி: விடுமுறை நாள் காலையில் வையுங்கள், இருட்டும்போது மீதியை உள்ளே எடுங்கள், மறுநாள் ஒருமுறை. இரண்டு பகலில் போகாதது அந்தத் தெருவில் யாருக்கும் வேண்டாத பொருள். இரவில் விட்டால் என்ன ஆகும் என்று கண்டுவிட்டீர்கள். ஒரு குவியல் இருந்தால் அடுத்தவர் அதில் தன் குப்பையைச் சேர்ப்பார், அதன் பிறகு நல்லதும் கெட்டதும் ஒன்றாகிவிடும்.

இனி மர நாற்காலி. 'எடுத்துக்கொள்ளலாம்' என்று வைத்த பிறகு அதில் வேறு நிபந்தனை ஏதும் மறைந்திருக்கக் கூடாது. எடுத்தவர் அதில் உட்காரலாம், விற்று அடுப்பெரிக்கலாம். விற்றவரிடமிருந்து வாங்கியவர் வீட்டில் அது இப்போது நாற்காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஏமாறவில்லை. இன்னாருக்குத்தான் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் அவர் கதவைத் தட்டிக் கொடுங்கள். வாசலில் வைத்தால் ஜன்னலில் நின்று யார் எடுக்கிறார் என்று பார்க்காதீர்கள். எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், தேவை அதிகம் உள்ளவர்களுக்கே கூச்சம் அதிகம்.

இப்போது வாசலில் கிடப்பவற்றை இன்றே அகற்றுங்கள். அலமாரி பிழைக்காது. பார்ட்டிகிள் போர்டு என்பது பசையில் அழுத்திய மரச்சில்லு, ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது, ஸ்க்ரூ பிடிக்காது. அதன் ஸ்க்ரூக்களையும் கீல்களையும் கழற்றி ஒரு சிறு பையில் போட்டு, அளவை எழுதி, அடுத்த முறை புத்தகங்களோடு வையுங்கள். அது ஒரு மணி நேரம்கூட நிற்காது.