கண்ணாடி மாற்றிய பிறகு ஃபாஸ்டேக் ரீட் ஆகவில்லை: யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

கேள்வி: கல் தெறித்து என் காரின் முன் கண்ணாடி உடைந்தது. இன்சூரன்ஸில் புதுக் கண்ணாடி போட்ட ஒர்க்‌ஷாப்பிலேயே, வெயில் உள்ளே இறங்காது என்று சொல்லி நிறமில்லாத ஃபிலிம் ஒன்றையும் ஒட்டிவிட்டார்கள். அதற்குத் தனி பில். வங்கியில் புது ஃபாஸ்டேக் வாங்கி ஒட்டினேன். பணம் இருந்தும் டோல்கேட்டில் ரீட் ஆவதில்லை. ரொக்கமாக இரண்டு மடங்கு கட்டுகிறேன். டேஷ்கேமின் ஜிபிஎஸ்ஸும் அடிக்கடி விட்டுப்போகிறது. ஒர்க்‌ஷாப்காரர்கள் டேக் கோளாறு என்கிறார்கள். வங்கியோ, டேக் நன்றாக இருக்கிறது என்கிறது. யார் மேல் வழக்குப் போடுவது?

பதில்: ஒர்க்‌ஷாப் மேல்தான். ஆனால் அவசரப்பட்டு அந்த ஃபிலிமை உரித்துவிடாதீர்கள். உங்கள் முக்கிய ஆதாரமே அதுதான்.

ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையில் கிடைக்கும் சக்தியை வைத்தே அது பதில் அனுப்புகிறது. வெப்பத்தைத் தடுக்கும் ஃபிலிம்கள் சிலவற்றில் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. அது இந்த அலையையும் ஜிபிஎஸ் சிக்னலையும் மறிக்கும். கண்ணாடியிலேயே உலோகப் பூச்சோடு வரும் மாடல்களும் இருக்கின்றன. ஆகவே கண்ணாடி, ஃபிலிம் இரண்டின் தயாரிப்பாளர் பெயர், மாடல் என்ன என்று பில்லிலும் வாரண்டி கார்டிலும் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். டேஷ்கேமும் தடுமாறுவது உங்களுக்குச் சாதகம். வங்கி கொடுத்த டேக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டுக்கும் பொதுவானது அந்தக் கண்ணாடியும் ஃபிலிமும்தான்.

அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். ‘இன்ன தேதியில் வேறு இடத்தில் ஃபிலிமை எடுக்கப்போகிறேன், வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதில் நாள் குறித்துவிடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் வீடியோ எடுங்கள், உரித்த ஃபிலிமைப் பத்திரப்படுத்துங்கள். டேக்கும் அதோடு கிழிந்துவிடும். வங்கியில் புதிது வாங்கிக் கண்ணாடியிலேயே ஒட்டுங்கள். கையில் பிடித்துக் காட்டினால் டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். புது டேக் ரீட் ஆனால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். ஃபாஸ்டேக் ஒட்ட வேண்டிய கண்ணாடியில் உலோக ஃபிலிம் போடுகிறவர் அதைச் சொல்லாமல் விட்டது அதற்குள் வரும் என்பது என் கருத்து. அதே சட்டத்தில், குறைபாடுள்ள பொருளால் வரும் பாதிப்புக்குத் தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்கும் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அது உடல் காயம், சொத்துச் சேதம் போன்றவற்றுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது.

நீங்கள் கேட்கக்கூடியது ஃபிலிமுக்குக் கொடுத்த பணம், எடுக்கும் செலவு, கூடுதலாகக் கட்டிய சுங்கம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை. டோல் ரசீது ஒவ்வொன்றும் வேண்டும். 2025 நவம்பர் 15 முதல், டேக் வேலை செய்யாதவர்கள் யூபிஐயில் கட்டினால் 1.25 மடங்குதான். இனி அப்படியே கட்டுங்கள். நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்தும் குறைக்காதவருக்கு முழுத் தொகையும் கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-இன் விளக்கம் அதைத்தான் சொல்கிறது. டோல்கேட்டின் கருவி பழுதாகி, உங்கள் டேக் சரியாக இருந்தால் மட்டுமே இலவசமாக விட வேண்டும் என்ற விதி பொருந்தும். ஆகவே அவர்களோடு சண்டை வேண்டாம்.

‘வேறு ஃபிலிம் ஒட்டித் தருகிறோம்’ என்று சமாதானம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கார் கண்ணாடியில் எந்த அளவு ஒளி புகும் கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உத்தரவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தப்பட்ட விதி 100-ஐ வைத்து, முன் கண்ணாடியில் 70 சதவீதம் ஒளி புகுந்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது உண்மைதான். அதை நம்பி ஒட்டினால், வழியில் போலீஸ் நிறுத்தும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பணத்தைத் திரும்ப வாங்குங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.